முடக்குவாதம் உள்ள அம்மைக்கு முதுகுல அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்லிருக்காவ, நுரையீரல் பாக்கவாம், தெரிஞ்சவங்க சொல்லுங்க

#1 தக்கலைக்காரி

எல்லாருக்கும் வணக்கம். இங்க வாசிக்க மட்டும் தான் வருவேன், இப்ப எழுத வேண்டி வந்துட்டு. எனக்க அம்மைக்கு 61 வயசு, 11 வருஷமா முடக்குவாதம், டாக்டர்மாரு ருமட்டாய்டுன்னு சொல்லுவாவ. அதுக்கு முன்ன இருபது வருஷத்துக்கு மேல அண்டி ஆபீஸ்ல, முந்திரிப் பருப்பு ஆலையில வேல பாத்தவங்க, இப்ப கைவெரல் எல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு போச்சு. வாரத்துல ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட்ங்கற வாத மாத்திரை, கூட ஃபோலிக் ஆசிட், அது போக எப்பவாவது வலி மாத்திரை.

ரெண்டு வருஷமா வறட்டு இருமல். சளி வராது, சும்மா கொக்கு கொக்குன்னு. குமாரகோயில் படியில போன தைப்பூசத்துக்கு பாதியில உக்காந்துட்டாங்க, எனக்கு முட்டுவலி தான்னு நெனப்பு, அம்மையும் அப்டித்தான் சொன்னாங்க. வழக்கமா பாக்கற இடத்துல கேட்டா வயசாச்சுல்லா, முட்டு தேஞ்சு போச்சுல்லா, பின்ன நடந்தா எளைக்காதான்னு சொல்லி ஒரு இன்ஹேலர் குடுத்து விட்டாவ. சளி டெஸ்ட் எடுத்தோம், டிபி இல்ல. எக்ஸ்ரேயும் எடுத்தோம், ஒண்ணும் இல்லன்னு தான் வந்தது.

போன வாரம் வேற ஒரு வாத டாக்டர்கிட்ட போனோம். அவங்க கை முட்டு எல்லாம் பாத்து முடிச்சிட்டு அம்மையத் திருப்பி உக்கார வச்சு முதுகுல ஸ்டெத் வச்சு ரொம்ப நேரம் கேட்டாங்க. 11 வருஷத்துல முதுகுப் பக்கம் இவ்ளோ நேரம் கேட்டது இவங்க தான். பிறகு நெஞ்சு அல்ட்ராசவுண்ட் எடுக்கணும், அதப் பாத்துட்டு சிடியும் எடுக்க வேண்டி வரும்னு எழுதிக் குடுத்தாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல. வாதத்துக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம்? அல்ட்ராசவுண்ட்னா வயித்துக்கு, கர்ப்பத்துக்கு எடுக்கறது தானே? அம்மை ஸ்கேன் சென்டர் வாசல்ல கருவுல ஆணா பொண்ணான்னு இங்க பாக்கறதில்லங்கற போர்ட வாசிச்சிட்டு, மக்ளே இந்த வயசுல என்ன இங்க எதுக்குக் கூட்டிட்டு வந்தன்னு கேட்டு ஒரே வெப்ராளம், அதனால தேதி மட்டும் வாங்கிட்டுத் திரும்பிட்டோம். யாராவது எடுத்துருக்கியளா?

#2 குளச்சல் அலை

அக்கா நானும் ருமட்டாய்டு தான், 9 வருஷம், வயசு 44. எனக்கு இதுவரைக்கும் யாரும் நெஞ்சுக்குன்னு ஒண்ணும் எடுக்கல. கைக்கு அல்ட்ராசவுண்ட் ஒரு தடவ எடுத்துருக்கு, மூட்டுக்குள்ள நீர் இருக்கான்னு பாக்க. நுரையீரலுக்கு இப்ப தான் கேள்விப்படுறேன். அம்மைக்கு எப்டி இருக்குன்னு எழுதுங்க, நானும் பாத்துட்டே இருப்பேன்.

#3 கறுப்பு வெள்ளை

தக்கலைக்காரி அக்கா, நான் ரேடியாலஜி டாக்டர், சொந்த ஊரு நம்ம நாகர்கோவில் பக்கம் தான், வேல வெளியூர்ல. முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், அம்மைய முதுகத் திருப்பி கேட்ட அந்த டாக்டர விட்டுடாதீங்க.

முடக்குவாதம் மூட்டோட நிக்கற வியாதி இல்ல. உடம்போட எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கற வியாதி, அதனால கண்ணு, தோலு, ரத்தக்குழாய், நுரையீரல்னு எங்கயும் போகும். நுரையீரல்ல காத்துப் பைகளுக்கு நடுவுல மெல்லிசா ஒரு சதைச் சவ்வு உண்டு, அது வீங்கித் தடிச்சு நாளாவட்டத்துல தழும்பு மாதிரி இறுகிப் போறதத் தான் ஐஎல்டின்னு சொல்றோம். ருமட்டாய்டு உள்ள 10 பேர்ல ஒருத்தருக்கு வாக்குல இது தொந்தரவு குடுக்கற அளவுக்கு வரும், தொந்தரவே இல்லாம சிடியில மட்டும் தெரியறவங்க அத விட அதிகம். ஆரம்பத்துல எக்ஸ்ரேயில பெரும்பாலும் தெரியாது, அதனால உங்க எக்ஸ்ரே சுத்தம்னு வந்தத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

இனி அல்ட்ராசவுண்ட். நீங்க கேட்டது சரியான கேள்வி. இந்த மெஷின் காதுக்குக் கேக்காத சத்தத்த உள்ள அனுப்பி, அது திரும்பி வர்றத வச்சுத் தான் படம் காட்டும், காத்து இருக்கற இடத்துக்குள்ள அந்த சத்தம் போகாது, நுரையீரலோ காத்து நெறஞ்ச பை. நான் படிக்கும்போது நுரையீரலுக்கு இந்த மெஷின் பிரயோஜனம் இல்லன்னு தான் பல பேரு நெனச்சுட்டு இருந்தாங்க. நல்ல நுரையீரல் மேல ப்ரோப, அதாவது உடம்புல வைக்கற மெஷின் முனைய வச்சா சத்தம் அத மூடியிருக்கற உறையில பட்டுத் திரும்பும், மறுபடி போய் மறுபடி திரும்பும், அதனால ஸ்க்ரீன்ல குறுக்க ஒரே இடைவெளியில கோடு கோடா விழும், ஏணிப் படி மாதிரி. அதுக்கு ஏ கோடுன்னு பேரு. ஆனா உறைக்குக் கீழ இருக்கற அந்த சவ்வு தடிச்சு காத்து குறைஞ்சு போச்சுன்னா படம் மாறிடும். உறையில இருந்து நேரா கீழ, ஸ்க்ரீன் அடி வரைக்கும், டார்ச் அடிச்ச மாதிரி வெள்ளையா நெடுக்கு கோடு இறங்கும், மூச்சு விடும்போது கூடவே அசையும். அது பி கோடு. 1997ல பிரான்ஸ்ல லிக்டன்ஸ்டைன்ங்கற டாக்டர் குழு தீவிர சிகிச்சைப் பிரிவுல இந்தக் கோட்டுக்கும் நுரையீரல் சவ்வு வியாதிக்கும் உள்ள சம்பந்தத்த எழுதினாங்க, அதுக்குப் பிறகு தான் மெல்ல மெல்ல வாத டாக்டர்களும் கையில எடுத்தாங்க. ஒரு விலா இடுக்குல 3 கோடோ அதுக்கு மேலயோ இருந்தா கணக்குல எடுப்போம். அதோட அந்த உறை வழவழன்னு இருக்கா, இல்ல சொரசொரன்னு முறிஞ்சு முறிஞ்சு இருக்கான்னும் பாப்போம், எனக்கு அது தான் பெரிய தடயம்.

வாதத்துல வர்ற ஐஎல்டி பெரும்பாலும் நுரையீரலோட அடிப்பக்கம், பின்பக்கம், ஓரத்துல உறைய ஒட்டித் தான் ஆரம்பிக்கும், இந்த மெஷின் பாக்க முடியற இடமும் அந்த ஓரம் தான். அது பொருந்தி வந்ததுனால தான் இந்தப் பரிசோதனைக்கு மதிப்பு. அம்மைய ஸ்டூல்ல உக்கார வச்சு முதுகுல ஜெல்லி தடவி இடுக்கு இடுக்கா பாப்பாங்க, கால் மணி நேரம் இருக்கும். ஊசி இல்ல, கதிர்வீச்சு இல்ல.

#4 மார்த்தாண்டம் தேன்

டாக்டர் சொன்னது வெளங்குது, ஆனா எனக்கு ஒரு சந்தேகம், கோவப்படாதீங்க. இதுல தெரிஞ்சாலும் சிடி எடுக்கணும், தெரியலன்னாலும் இருமல் இருக்குன்னு சொல்லி சிடி எடுக்கணும். பின்ன நடுவுல இது எதுக்கு? எனக்க மாமாவுக்கு இப்டித்தான் ஒண்ணு மாத்தி ஒண்ணு எழுதி எழுதி அவரு ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன்னு வீட்ல இருந்துட்டாரு. நம்ம ஊர்ல ஒரு நாள் கூலி போட்டு, பஸ்ஸுக்குக் காசு போட்டு வர்றவங்களுக்கு ஒவ்வொரு டெஸ்ட்டும் ஒரு நாள் பொழப்பு.

#5 கறுப்பு வெள்ளை

தேன் அண்ணே, இதுல கோவப்பட ஒண்ணுமில்ல, நீங்க கேட்டதுல பாதி நியாயம். அம்மை மாதிரி இருமலும் எளப்பும் இருந்து, முதுகுல ஸ்டெத் வச்சா கிர்ர்னு ஒரு சத்தமும் கேட்டாச்சுன்னா நேரா எச்ஆர்சிடி தான், அதாவது நுரையீரல மெல்லிசு மெல்லிசா வெட்டிக் காட்டற சிடி, அல்ட்ராசவுண்டுக்காக சிடிய ஒரு மாசம் தள்ளக்கூடாது. அந்த டாக்டர் ரெண்டையும் சேத்து எழுதிருக்காங்கன்னா இன்னைக்கு உள்ள படத்த வச்சுக்கிட்டா நாளைக்கு ஒப்பிட்டுப் பாக்கலாம்ங்கறதுக்காக இருக்கும்னு நெனக்கேன். கடைசி வார்த்த சிடிக்குத் தான். அமெரிக்காவுல வாத டாக்டர்கள் சங்கமும் நெஞ்சு டாக்டர்கள் சங்கமும் 2023ல சேந்து குடுத்த வழிமுறையில, ஆபத்து கூடுதலா உள்ளவங்களுக்கு எடுக்கச் சொல்றது எச்ஆர்சிடியும், நுரையீரல் எப்டி வேல செய்யுதுன்னு பாக்கற ஊதுற டெஸ்ட்டும் தான். இதத் தேடறதுக்கு எக்ஸ்ரேய நம்ப வேண்டாம்ங்கற பக்கம் தான் அவங்களும்.

ஆனா இன்னொரு பாதி இருக்கு. குளச்சல் அக்காவப் பாருங்க, 9 வருஷம் வியாதி, இருமல் ஒண்ணும் இல்ல. இப்டி ஒரு வாத ஓபில ஒரு நாளைக்கு எத்தன பேரு வருவாங்க, அத்தன பேரையும் வருஷா வருஷம் சிடியில படுக்க வைக்க முடியுமா? கதிர்வீச்சும் உண்டு, செலவும் உண்டு. அங்க தான் இது பிரயோஜனம். முதுகுப் பக்கம் முழுசும் சுத்தமா, உறை வழவழப்பா, ஏ கோடு மட்டும் இருந்தா பெரிய அளவுல ஐஎல்டி இருக்க வாய்ப்பு குறைவு. கோடு இருந்தா சிடிக்குப் போகணும். இது ஒரு சல்லடை மாதிரி, தீர்ப்பு சொல்றது இல்ல.

சல்லடையில ஓட்டையும் உண்டு. பி கோடு ஐஎல்டிக்கு மட்டும் வர்றதில்ல. இதயம் பலவீனமா இருந்து நுரையீரல்ல நீர் கோத்தாலும் வரும், அப்ப உறை பெரும்பாலும் வழவழப்பா இருக்கும், நீர் போற மருந்து குடுத்தா கோடும் குறையும். நிமோனியாவுலயும் வரும், கொரோனா நேரத்துல இதே கோட்டத் தான் எண்ணிட்டு இருந்தோம். வயசானவங்களுக்கு அடியில ஒண்ணு ரெண்டு சும்மாவே இருக்கும். தோள்பட்ட எலும்புக்குப் பின்னால தெரியாது, நுரையீரலுக்கு நடு ஆழத்துல என்ன இருந்தாலும் தெரியவே தெரியாது. அதோட பாக்கற ஆளோட கையப் பொறுத்தது, பழகாதவங்க பாத்தா தப்பு வரும்.

#6 வடசேரி வாத்தியார்

ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 67. எனக்கு வாதம் வந்தது 55இல். அதற்கு முன்னால் முப்பது வருஷம் சிகரெட். ஆன்ட்டி சிசிபி என்ற ரத்தப் பரிசோதனையில் என் அளவு ரொம்ப அதிகம். நாலு வருஷம் முன்னால எனக்கும் ஐஎல்டி கண்டுபிடிச்சாங்க, அதனால ரெண்டு விஷயம் சொல்றேன்.

முடக்குவாதம் பொம்பளைங்களுக்குத் தான் கூடுதலா வரும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா நுரையீரல் கெடறது ஆம்பளைங்களுக்கு அதிகம்னு என் டாக்டர் சொன்ன பிறகு தான் எனக்கே தெரியும். புகை, வயசு, அந்த ரத்த அளவு, மூட்டு வீக்கம் அடங்காம நாள்கணக்கா கிடக்கறது, இதெல்லாம் ஆபத்தக் கூட்டுது. சில பேருக்கு மூட்டு வலிக்கறதுக்கு முன்னாலயே நுரையீரல்ல ஆரம்பிச்சிருக்குமாம்.

ரெண்டாவது, எனக்கு ஏன் அஞ்சாறு வருஷம் தெரியாமப் போச்சுன்னா, நான் நடக்கறதயே நிறுத்திட்டேன். முட்டு வலிக்குதுன்னு கடைக்குப் போறதில்ல, மாடி ஏறறதில்ல. ஓடாதவனுக்கு மூச்சு எப்டி வாங்கும்? வாதக்காரங்க இப்டித்தான் ஏமாறுறோம். தம்பி தங்கச்சிமாரே, முட்டு வலியால நிக்கறோமா மூச்சு முட்டி நிக்கறோமான்னு தனியாப் பிரிச்சுக் கவனிங்க. என் முதுகுல கேட்ட சத்தம், பேரன் ஸ்கூல் பையில ஒட்டுற பட்டைய மெல்லப் பிரிச்சா வருமே கிர்ர்னு, அதே மாதிரின்னு டாக்டர் சொன்னாரு.

#7 பாறைமேடு

வாத்தியார் சார் சொன்னதப் படிச்சு பயமா இருக்கு. எனக்க அப்பா 25 வருஷம் கல் குவாரி, இப்ப ரெண்டு வருஷமா ருமட்டாய்டு. இருமல் உண்டு, ஆனா குவாரில வேல பாத்தவங்க எல்லாருக்கும் இருமல் உண்டுன்னு நாங்க விட்டாச்சு. அந்தத் தூசிக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா டாக்டர்?

#8 கறுப்பு வெள்ளை

உண்டு தம்பி. கல்லுத் தூசில இருக்கற சிலிக்கா தனியா நுரையீரலக் கெடுக்கும், அது போக அந்தத் தூசி தின்னவங்களுக்கு ருமட்டாய்டே கூடுதலா வருதுன்னு பல நாட்டுல பாத்திருக்காங்க. 1953லயே கப்லான்னு ஒரு டாக்டர் வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள்ல வாதம் உள்ளவங்களுக்கு நுரையீரல்ல உருண்ட உருண்டயா கட்டி இருக்கறத எழுதி வச்சார், இன்னைக்கும் அவர் பேர்ல தான் சொல்றோம். அப்பாவுக்கு அல்ட்ராசவுண்டுன்னு காத்திருக்காதீங்க, உருண்ட உள்ள ஆழத்துல இருந்தா அதுல தெரியாது. நெஞ்சு டாக்டர்கிட்ட குவாரி வேலைய முதல் வரியில சொல்லுங்க, சளி டெஸ்ட்டும் கண்டிப்பா, சிலிக்கா தின்ன நுரையீரல்ல டிபி எளிசா ஏறும்.

#9 மலையோர மூலிகை

எல்லாரும் சிடி ஸ்கேன்னு பேசறீங்க, மூல காரணத்த யாரும் பேசல. அந்த மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை தான் நுரையீரல அரிக்கும், கேன்சருக்குக் குடுக்கற மருந்து அது. அத நிறுத்திட்டு நல்ல ஆசான் ஒருத்தர்கிட்ட எண்ண தேச்சு உழிச்சல் எடுங்க. எனக்க பாட்டிக்கு அதுல தான் முட்டு சரியாச்சு.

#10 குளச்சல் அலை

மூலிகை அண்ணே, உங்க பாட்டிக்கு முட்டு தேய்மானமா இருந்திருக்கும், எங்களுக்கு உள்ளது வேற. நான் இதே பேச்சக் கேட்டு ஒரு வருஷம் மாத்திரைய விட்டேன். உழிச்சல் எடுத்தா அன்னைக்கு சொகமா இருக்கும், பொய் சொல்லல, ஆனா அந்த ஒரு வருஷத்துல எனக்க ரெண்டு மணிக்கட்டும் மடங்காமப் போச்சு, இன்னைக்கும் மீன் வெட்ட எனக்க மோள் தான் வரணும். வாசிக்கறவங்க தயவுசெஞ்சு சொந்தமா மருந்த நிறுத்தாதீங்க.

#11 கறுப்பு வெள்ளை

குளச்சல் அக்கா சொன்னதுக்கு மேல நான் கொஞ்சம் தான் சேக்கணும். மெத்தோட்ரெக்ஸேட்ல நுரையீரல் திடீர்னு அழற்சியாகறது உண்டு, இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா அபூர்வம். அது வந்தா நாள் கணக்குல, வாரக் கணக்குல காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல்னு வேகமா வரும், அப்ப உடனே ஆஸ்பத்திரி. மெல்ல மெல்ல வருஷக்கணக்குல தழும்பு கட்டுற ஐஎல்டிக்கு அந்த மாத்திரை காரணம் இல்லன்னு தான் சமீப காலத்து ஆய்வுகள் சொல்லுது, சிலதுல அது சாப்பிட்டவங்களுக்கு ஐஎல்டி தாமதமா வந்ததாவும் பாத்திருக்காங்க. மாத்திரைய மாத்தணுமா வேண்டாமான்னு வாத டாக்டரும் நெஞ்சு டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும்.

#12 மார்த்தாண்டம் தேன்

சரி டாக்டர், எனக்கு இப்ப வெளங்குது. ஆனா இவ்ளோ சுளுவான சோதனைன்னா வாத டாக்டர் மேசையிலேயே ஒரு மெஷின வச்சு ஸ்டெத் வைக்கற மாதிரி வச்சுப் பாத்துடலாமே, எதுக்கு ஸ்கேன் சென்டருக்கு அனுப்பணும்?

#13 கறுப்பு வெள்ளை

வெளிநாட்டுல பல வாத டாக்டர்கள் அப்டித்தான் பண்றாங்க, நம்ம நாட்டுலயும் பண்றவங்க உண்டு. ஆனா இங்க கருவுல ஆணா பொண்ணான்னு பாக்கறதத் தடுக்க 1994ல வந்த சட்டம் இருக்குல்லா, அதுப்படி எந்த அல்ட்ராசவுண்ட் மெஷினையும் பதிவு பண்ணாம வைக்கக்கூடாது, பாக்கறது மூட்டா இருந்தாலும் நெஞ்சா இருந்தாலும் சரி. தக்கலை அக்காவோட அம்மை வாசிச்ச போர்டு அந்தச் சட்டப்படி எல்லா சென்டர்லயும் இருக்கணும். அம்மைகிட்ட சொல்லுங்க, அது எல்லாருக்கும் உள்ள அறிவிப்பு, அவங்களுக்கு உள்ளது இல்ல. அந்தச் சட்டம் வேணும், எத்தனையோ பொண்ணு பிள்ளைங்க உசுரு அதுல இருக்கு, அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா பதிவு வேலைக்குத் தயங்கி மெஷின் வைக்காம விடற டாக்டர்களையும் பாத்திருக்கேன், அந்த வழி கொஞ்சம் எளிசானா வாதக்காரங்களுக்கு நல்லது.

#14 தக்கலைக்காரி

மூணு வாரம் ஆச்சு, எல்லாரும் மன்னிக்கணும். ஸ்கேன், சிடி, ஊதுற டெஸ்ட் எல்லாம் முடிஞ்சுது.

அல்ட்ராசவுண்ட்ல அந்த டாக்டரம்மா ஸ்க்ரீன எங்க பக்கம் திருப்பிக் காட்டுனாங்க. மேல தோள்பட்டப் பக்கம் வைக்கும்போது ஏணிப் படி மாதிரி கோடு, நம்ம டாக்டர் சொன்ன அதே மாதிரி. கீழ இறங்க இறங்க அந்தப் படி காணாமப் போச்சு, வெள்ளையா நெடுக்கு கோடு, முதல்ல ரெண்டு, பிறகு எண்ண முடியல. ரெண்டு பக்கமும். நான் எண்ணிட்டே இருந்தேன், அம்மைக்குத் தெரியாது எதுக்கு நான் பேசாம நிக்கேன்னு. அம்மை, குளிருது மக்ளேன்னு மட்டும் சொன்னாங்க.

சிடியில ஒரு தடவ மல்லாக்கவும் ஒரு தடவ குப்புறப் படுக்க வச்சும் எடுத்தாங்க. படுத்திருக்கும்போது அடியில தங்கற நிழலா, உண்மையான தழும்பான்னு பிரிக்கவாம். குப்புறப் போட்டும் நிழல் போகல. ஐஎல்டி தான், அடிப்பக்கம் ரெண்டு ஓரத்துலயும். தேன்கூடு மாதிரி ஓட்டை விழுந்த இடம் இன்னும் இல்லன்னு சொன்னாங்க, அது கேட்டு கொஞ்சம் மூச்சு வந்தது. ஊதுற டெஸ்ட்ல கொள்ளளவு ஓரளவு பரவாயில்ல, ஆனா டிஎல்சிஓன்னு ஒண்ணு, நுரையீரல்ல இருந்து ரத்தத்துக்கு வாயு எவ்ளோ போகுதுன்னு பாக்கறது, வாயுவ இழுத்து 10 செகண்டு புடிச்சு விடணும், அம்மை மூணு தடவ முயற்சி பண்ணி தான் புடிச்சாங்க, அது குறைவா இருக்கு. வெரல்ல மாட்டற ஆக்சிஜன் கருவில உக்காந்திருக்கும்போது சரியா காட்டுது, ஆறு நிமிஷம் நடக்க வச்சா இறங்குது. வீட்ல எப்பவும் உக்கார வச்சுத் தானே பாத்தோம்.

மருந்து மாத்திருக்காங்க, ஆறு மாசத்துல ஊதுற டெஸ்ட் மறுபடி. தழும்பு கூடிட்டே போனா நின்டடனிப்னு ஒரு மாத்திரை இருக்காம், அது தழும்பு ஏறற வேகத்தக் குறைக்குமே தவிர உள்ளதப் போக்காது, வயித்துப்போக்கு வரும்னும் சொன்னாங்க. ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி ரெண்டும் எழுதிருக்கு. விறகடுப்பு வேண்டாம்னாங்க, அம்மை வெந்நி போட மட்டும் வச்சிருந்த அடுப்ப நானே இடிச்சுட்டேன்.

ரெண்டு வருஷம் அந்த இன்ஹேலர இழுத்தாங்க. ரெண்டு வருஷம். ஒரு தடவ முதுகத் திருப்பிக் கேட்டிருந்தா போதும். அத நெனச்சா தான் ஆறல.

#15 வடசேரி வாத்தியார்

தங்கச்சி, தேன்கூடு இல்லாதப்போ கண்டுபிடிச்சது பெரிய விஷயம், எனக்கு அது இருந்துச்சு. அம்மைய சும்மா உக்கார விடாதீங்க. முட்டுக்கு ஏத்த மாதிரி தினம் கொஞ்சம் நடக்க வைங்க, பிசியோ இருந்தா மூச்சுப் பயிற்சியும் சொல்லித் தருவாங்க. நான் காலையில வேப்பமூடு பூங்காவுல மூணு சுத்து, நடுவுல நின்னு நின்னு தான், ஆனா விடறதில்ல.

#16 பாறைமேடு

அப்பாவ ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். சளி டெஸ்ட் குடுத்தாச்சு, சிடிக்கு எழுதிருக்காங்க. குவாரின்னு முதல்லயே சொன்னேன்.

#17 குளச்சல் அலை

தக்கலை அக்கா, நீங்க எழுதினத ரெண்டு தடவ வாசிச்சேன். நான் எனக்க டாக்டர்கிட்ட நானே கேட்டேன், இருமல் இல்ல ஆனா 9 வருஷம் ஆச்சு, நெஞ்சப் பாக்கணுமான்னு. அவரு கொஞ்ச நேரம் யோசிச்சாரு, முதுகுல கேட்டாரு, பிறகு சரின்னு எழுதிக் குடுத்துட்டாரு. வெள்ளிக்கிழம காலையில. தனியாத் தான் போறேன், என்ன உடுத்துட்டுப் போகணும், சாப்பிடலாமா?

#18 தக்கலைக்காரி

சாப்பிட்டுட்டே போங்க, வயித்து ஸ்கேன் மாதிரி இல்ல. முன்னால ஹூக் உள்ள ஜாக்கெட் போட்டா சுளுவு, முதுகு முழுசும் பாப்பாங்க. பெரிய தோர்த்து ஒண்ணு எடுத்துக்கிடுங்க, முன்பக்கம் மூடிக்கவும் ஆச்சு, ஜெல்லி தொடைக்கவும் ஆச்சு. வெள்ளிக்கிழம எனக்கு லீவு தான், வடசேரி பஸ் ஸ்டாண்டுல எத்தன மணிக்கு நிக்கணும்னு சொல்லுங்க, நானும் கூட வாறேன்.